கண்ணையனின் வலது கால்

வலது காலை மட்டும்தான் கழுவுகிறார். காக்கி பேண்டை முழங்கால் வரை சுருட்டி, கேட்டை ஒட்டிய சிமெண்டுப் படியில் காலைத் தூக்கி வைத்து, மக்கில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார். குதிகால், உள்ளங்கால், பிறகு ஐந்து விரல் இடுக்குகள் என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கழுவி முடித்ததும் தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கிறார். துடைப்பதில்லை, ஒற்றுவது மட்டும்தான். இடது கால் அது பாட்டுக்குப் புழுதியோடு பக்கத்தில் நிற்கிறது.

செருப்பு இரண்டும் படிக்கு அடியில் போய்விடும். "செருப்போட ஓட்டுறவன் டிரைவரே கெடையாதுங்க. பெடல் என்னா சொல்லுதுன்னு காலுக்குத் தெரிய வேணாமா?" என்று எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையைப் பார்த்துச் சொல்வார். டீக்கடையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காதவர்களுக்கும் பதில் சொல்லும் தாராள குணம் அவருக்கு உண்டு.

திருமலைராயன்பட்டினத்தில், கபீர் பாய் வீட்டு வாசலில், செவ்வாயும் சனியும் காலை பத்து மணிக்கு இந்தப் பூசை நடக்கிறது. கபீர் பாய் இருப்பது துபாயில். வருஷத்துக்கு இரண்டு முறை, தலா பதினைந்து நாள் ஊருக்கு வருவார். அந்த முப்பது நாளுக்காகச் சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார். ஜப்பான்காரன் செய்தது, இரண்டு கதவு, இரண்டு சீட்டு, ஆறு கியர். பாக்கி நாளெல்லாம் சும்மா நின்றால் பேட்டரி செத்துப்போகும் என்பதால் வாரம் இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரும் வேலை கண்ணையனுக்கு.

அந்தச் சாலைக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசும் என்பதால் குறுக்காக ஏற்றிக் குறுக்காக இறக்க வேண்டும். வாஞ்சூர் பக்கம் போனால், தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் குடிக்க வந்தவர்கள் நடுரோட்டில் நின்று வண்டிக்கு சல்யூட் அடிப்பார்கள். கண்ணையன் கண்ணாடியை இறக்கிப் பதில் சல்யூட் வைப்பார். தனக்கு வைத்த மரியாதையாகவே அதை எடுத்துக்கொள்வார்.

கபீர் பாய் வேறு யாரையும் கேட்காமல் இவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் அந்தக் கால். கருக்களாச்சேரி மீனவர் குப்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாமல், முப்பத்தோரு வருஷம் காரைக்கால் துறைமுகத்திலிருந்து கேரளாவுக்கு மீன் லாரி ஓட்டியவர் கண்ணையன். மீன் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் நல்ல டிரைவர் என்று வாய்ச்சண்டை வந்தால் டேஷ்போர்டின் மேல் டீ கிளாஸை வைத்துவிடுவார்கள். மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு இறக்கும்போது எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் பொருந்தாவிட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், டீ சிந்தும். கிளட்சை மிதித்திருக்கும் அந்த அரை நொடிக்குள் சரியான அளவு ரேஸ் கொடுத்து எஞ்சினைத் தூக்கிவிட்டால் கியர் சத்தமில்லாமல் விழும், டீ சிந்தாது.

தொண்ணூற்றாறாம் வருஷம், விடிகிற நேரத்தில், ஆரியங்காவு மலை இறக்கத்தில், எட்டு டன் மத்தி லோடோடு கண்ணையன் நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறக்கியபோது டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இதற்கு ஒரே சாட்சி, அன்று மாற்று டிரைவராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலைவாணன். இன்றைக்கு அவர் மீன் லாரி டிரைவர்கள் சங்கத்தின் செயலாளர். இரண்டு பேரும் இந்தக் கதையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லச் சொல்ல கிளாஸில் டீ ஏறிக்கொண்டே வந்து, இப்போது விளிம்பு தட்டி நிற்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்ணையனுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் ஒரு ஊசியை எடுத்து வலது உள்ளங்காலில் குத்தினார். "குத்துங்க" என்றார் கண்ணையன். "குத்தியாச்சு" என்றார் டாக்டர். இடது காலில் குத்தியபோது "யம்மா!" என்று கட்டிலை விட்டுத் துள்ளினார். வலது கால் மரத்துவிட்டது, லாரி ஓட்டக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் இரண்டு காலையும் கழுவித் துடைத்துப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கண்ணையன் அதில் கழுவுவதை மட்டும் எடுத்துக்கொண்டார், அதிலும் பாதி.

ஊருக்கு அவர் சொன்னது வேறு. "ரோடு சரியில்லங்க இப்பல்லாம். அதான் எறங்கிட்டேன்." உண்மை தெரிந்தவர் அவர் மனைவி கனகம் ஒருவர்தான். கனகம் மொபெட்டில் மீன் தொட்டியைக் கட்டிக்கொண்டு சுரக்குடி வரை போய் விற்று வருகிறவர். ஒரு நாள் வீட்டுக்குள் ரத்தத் தடம் பார்த்து, கணவர் காலைத் தூக்கி, உள்ளங்காலில் ஏறியிருந்த கிளிஞ்சல் துண்டைப் பிடுங்கிக் காட்டியபோதுதான் அது குத்தியதே கண்ணையனுக்குத் தெரிந்தது. கால் செத்துப்போனது வெளியே தெரிந்தால் பேர் போகும், எவனும் வண்டிச் சாவியைக் கையில் கொடுக்க மாட்டான். ஆகவே கபீர் பாய் போன் பண்ணி, "காலு எப்படி இருக்கு கண்ணையா?" என்று விளையாட்டாகக் கேட்டபோது, "இரும்பு மாரி இருக்கு பாய்" என்றார். ஒரு விதத்தில் அது உண்மைதான். இரும்புக்கும் வலி தெரியாது.

வண்டியை முதன்முதலில் எடுத்தது ஜூன் மாதம். உள்ளுக்குள் உதறல்தான். பட்டினத்தைத் தாண்டி ஒரு வளைவில் கிளட்சை மிதித்து, கியரை நாலிலிருந்து மூன்றுக்குத் தள்ளினார். வலது கால் என்ன செய்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் எஞ்சின் 'ர்ரூம்' என்று ஒரு குரல் கொடுத்து எழும்பி, சரியாக அந்த வேகத்தில் நின்றது. கியர் விழுந்தது. குலுக்கல் இல்லை. பயந்துபோய் ஓரமாக நிறுத்திவிட்டார். மறுபடி எடுத்து மறுபடி இறக்கினார். மறுபடி 'ர்ரூம்'. கண் கலங்கிவிட்டது அவருக்கு. கால் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. "முன்னல்லாம் நான் காலுக்குச் சொல்லணுங்க. இப்ப நெனச்சா போதும், காலு செஞ்சுடுது. பழுத்துப்போச்சு" என்று டீக்கடையில் சொன்னார், துறைமுகத்தில் சொன்னார், தலைமுடி வெட்டப் போன இடத்தில் சொன்னார். ஒரே மாதத்தில் கியர் இறக்கும்போது ஆக்சிலேட்டர் பக்கம் காலே போவதில்லை. கால் பெடலுக்குப் பக்கத்தில் சும்மா சாய்ந்து கிடந்தது. மிதிக்காத பெடலுக்கு எஞ்சின் எப்படி உறுமும் என்ற கேள்வி, முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டிய மனிதருக்கு ஒரு நாளும் வரவில்லை. புகழ் தேடி வரும்போது யார்தான் முகவரி சரிபார்க்கிறார்கள்?

கனகம் மட்டும் சரிபார்த்தார். "காலு வந்துடுச்சுங்கிறீங்களே தீபாப்பா, நேத்து அடுப்புக் கங்கு மேல நின்னீங்களே, சுட்டுச்சா?" என்று கேட்டார். தீபா அவர்களுடைய மகள், கட்டிக்கொடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. கணவரைக் கூப்பிடக் கனகத்துக்கு இன்னும் அந்தப் பேர்தான்.

"நடக்குற காலு வேற, ஓட்டுற காலு வேற. ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் கண்ணையன்.

அவருடைய வாய் சும்மா இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. அது இருக்கவில்லை. கலைவாணனுக்கு விஷயம் போய், இந்த வருஷம் ஆயுத பூசையன்று துறைமுகத்தில் லாரிகளுக்குப் பூசை முடிந்ததும் கண்ணையன் சிவப்பு வண்டியில் டீ கிளாஸ் சோதனை செய்து காட்டுவார் என்றும், சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தப்படும் என்றும் முடிவாகிவிட்டது. நோட்டீஸில் பேர் போட்டார்கள். 'ஆரியங்காவு புகழ்' என்று பேருக்கு முன்னால் ஒரு பட்டமும் போட்டார்கள். கண்ணையன் அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டினார்.

பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது கபீர் பாயின் மகள் நௌஷின் லீவில் வந்தாள். துபாயில் பல் டாக்டர். காரைக்காலில் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும் என்று பக்கத்து சீட்டில் ஏறினாள். கண்ணையன் தேவையே இல்லாத இடத்தில் நாலிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். எஞ்சின் அழகாக உறுமியது. ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்புடி பாப்பா?"

"எது மாமா?"

"எறக்குனேனே."

"ஓ, அதுவா? இந்த வண்டியில அது நல்லா இருக்கும் மாமா. அதுவே ரேஸ் குடுத்துக்கும். வாப்பா சொல்லலையா?" என்று கியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினாள். "இது ஆன்ல இருந்தா அங்க எஸ்ஸுன்னு லைட் எரியும் பாருங்க." மூன்று மாதமாகக் கண்ணுக்கு எதிரில் எரிந்துகொண்டிருந்த அந்த எழுத்தை ஏசிக்கு உண்டான ஏதோ ஒன்று என்று கண்ணையன் நினைத்திருந்தார். நௌஷின் பட்டனை அமுக்கினாள். எஸ் அணைந்தது. "இப்ப எறக்கிப் பாருங்க" என்றாள்.

இறக்கினார். எஞ்சின் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் அவள் கையிலிருந்த போன் காலடியில் போய் விழுந்தது.

"குடுங்க மாமா, நான் கொஞ்சம் ஓட்டுறேன்" என்று இடம் மாறி உட்கார்ந்தாள். அவள் காலில் மொத்தமான அடி வைத்த ஷூ. அதைக் கழற்றவுமில்லை, கழுவவுமில்லை. எஸ் லைட் இல்லாமலேயே, பாதத்தின் ஒரு பக்கத்தால் பிரேக்கையும் மறுபக்கத்தால் ஆக்சிலேட்டரையும் தட்டி, அரசலாற்றுப் பாலத்துக்கு முன்னால் நாலு, மூன்று, இரண்டு என்று இறக்கினாள். வண்டி தண்ணீரில் போவதுபோல் போனது. கடை வாசலில் நிறுத்தியதும் பட்டனை மறுபடி அமுக்கி எஸ்ஸை எரியவிட்டு, "ஒங்களுக்கு எது வசதியோ அப்படி வச்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னதால்தான் கண்ணையனால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

அன்று மத்தியானம் கனகம் வீட்டுக்கு வந்தபோது கண்ணையன் தரையில் உட்கார்ந்து, ஒரு ஊக்கை எடுத்துத் தன் வலது உள்ளங்காலில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை டாக்டர் குத்தியபோது வராத அழுகை இப்போது வந்தது. ஒரு முறை போன கால் அவருக்கு இரண்டாவது முறையும் போயிருந்தது. கனகம் ஊக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"கலைவாணன்ட்ட போயி முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. என்னா கொறஞ்சுபோயிடும்?"

"பேரு போயிடும்டி."

"காலே போயிடுச்சு, பேர வச்சு என்னா பண்ணப் போறீங்க?" என்றார் கனகம். ஆனாலும் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் குத்திய இடத்தில் எல்லாம் தடவிவிட்டார்.

மறு சனிக்கிழமை கண்ணையன் வண்டியைக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய், ஆள் இல்லாத பக்கம் பார்த்து, எஸ்ஸை அணைத்துவிட்டு இறக்கிப் பார்த்தார். முதல் தடவை கால் பெடலைத் தொடவே இல்லை, குலுக்கல். இரண்டாம் தடவை கால் பெடலோடு தரை வரைக்கும் போய்விட்டது; எஞ்சின் அலறியது. மூன்றாம் தடவை தொட்டதா இல்லையா என்று காலுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, "என்னண்ணே, டீசல் அடச்சுக்கிச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். நாலாம் தடவை ரேஸ் கொடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, இடது காலால் கிளட்சைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் மெல்ல மெல்ல விட்டார். வண்டி கொஞ்சமாக முனகியதோடு சரி. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆயுத பூசை அன்று துறைமுகம் முழுக்க வாழைக்கன்றும் சந்தனமும் மீன் வாடையுமாக இருந்தது. வரிசையாக நின்ற லாரிகளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் உடைந்தது. பொரி கொடுத்து முடித்ததும் எல்லோரும் சாலை ஓரத்துக்கு வந்து நின்றார்கள். கண்ணையன் காலைக் கழுவினார். அன்றைக்கு இரண்டு மக்குத் தண்ணீர். முப்பது டிரைவர்கள் அந்தக் காலையே பார்த்தார்கள். வண்டியின் டேஷ்போர்டு சரிவாக இருந்ததால் கிளாஸ் நிற்கவில்லை. கலைவாணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, விளிம்பு தட்ட நிரப்பிய டீ கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கதவைச் சாத்தினார்கள்.

கண்ணையன் எஸ்ஸைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். கை பட்டன் வரைக்கும் போனது. அங்கிருந்து கியர் தண்டைப் பிடித்துக்கொண்டது.

நாலு. மூன்று, 'ர்ரூம்'. இரண்டு, 'ர்ரூம்'. சாலை ஓரத்தில் விசில் பறந்தது. வண்டி போய் வளைவுக்கு அப்பால், யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்றது. கலைவாணன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். டீ, மேலே படிந்த பாலேடுகூடக் கலையாமல், அப்படியே நின்றது.

"அண்ணே" என்றார் கலைவாணன்.

"ம்."

"அன்னிக்கு ஆரியங்காவுல கிளாஸுல பாதிதான் டீ இருந்துச்சு."

கண்ணையன் கண்ணாடியில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அதுலயும் கொஞ்சம் என் சட்டையில ஊத்துச்சு. கறை கடைசி வரைக்கும் போவல." கலைவாணன் கிளாஸைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். "இன்னிக்கு முழு கிளாசு. ஒரு சொட்டு சிந்தலியே. நீங்க இவ்ளோ நல்லா ஓட்டி நான் பாத்ததே இல்லண்ணே."

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தும் கண்ணையனுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. கண்டுபிடித்துவிட்டான். கீழே இறங்கி எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறான். கையைப் பிடித்துக் கெஞ்சலாமா என்று நினைத்தார். அதற்கும் வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அது அடைத்துப்போனது அன்று ஒரு முறைதான்.

கலைவாணன் டீயை ஒரே மூச்சில் குடித்தார். கர்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "திருப்புங்க" என்றார். கூட்டத்துக்கு முன்னால் வண்டி நின்றதும் இறங்கி, காலிக் கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "ஒரு சொட்டு சிந்தலப்பா! அன்னிக்கு ஆரியங்காவுல பாத்தேன், இன்னிக்கு இங்க பாத்தேன்!" என்று கத்தினார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சாட்சி சொன்னவர் திடீரென்று பல்டி அடித்தால் செயலாளர் பதவி என்னாவது? பொன்னாடையைப் போர்த்தும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கனகம் மீன் தொட்டியோடு மொபெட்டை ஓரம் கட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணையன் கபீர் பாய் வீட்டு வாசலுக்கு வந்தார். பேண்டைச் சுருட்டினார், மக்கில் தண்ணீர் பிடித்தார். டீக்கடைக்காரர் அன்றைக்குப் பார்த்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். "என்னண்ணே, இன்னிக்கு வேற மாரி இருக்கே?" என்றார்.

"ரேஸ எந்தக் கழுதையும் குடுத்துடுமுங்க. இப்பல்லாம் மிஷினே குடுக்குது" என்றார் கண்ணையன். "கிளட்ச வுடுறது இருக்கு பாருங்க, அதுலதான் இருக்கு டிரைவரு."

கனகம் வாங்கிக் கொடுத்திருந்த வார் வைத்த புதுச் செருப்பு அவருடைய வலது காலில் இருந்தது. அதைக் கழற்றாமல் அப்படியே புழுதியில் ஊன்றிக்கொண்டு, இடது காலைத் தூக்கிச் சிமெண்டுப் படியில் வைத்தார். குதிகால், உள்ளங்கால், ஐந்து விரல் இடுக்குகள் என்று வரிசை தவறாமல் கழுவி, தோளிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, துடைக்காமல், ஒற்றினார்.